செவுள் பார்த்து வாங்கிய ரேடியோ

ரேடியோவின் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் காரைக்கால் பக்கம் பட்டினச்சேரியில் எங்கள் எதிர்வீட்டுக்காரர். பெயர் கரகர. வீட்டில் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவர் வீட்டில் ரேடியோ எந்நேரமும் ஓடும். பாட்டு கேட்காது. செய்தி கேட்காது. கரகரவென்றுதான் கேட்கும்.

"இதுல என்னண்ணே கேக்குறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஸ்டேஷன் வருது தங்கச்சி. வழியில இருக்கு" என்றார்.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. அவர் ஒருமுறை செத்துப்போனார்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு புயல். அவர் போன விசைப்படகு கரை திரும்பவில்லை. கரண்ட் இல்லை. செல்போன் டவர் சாய்ந்துவிட்டது. சேதி சொல்ல நாதி இல்லை. அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். அண்ணி சோறு தண்ணி இல்லாமல் கடற்கரையிலேயே கிடந்தார். கடைசியில் சொந்தக்காரர்கள் வந்து ஒப்பாரியே வைத்துவிட்டார்கள்.

படகு கோடியக்கரையில் பத்திரமாக ஒதுங்கி இருந்தது. நம்மாள் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பஸ் ஓட ஆரம்பித்ததும் ஏறி ஊர் வந்து இறங்கினார். தன் வீட்டு வாசலில் கூட்டம். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"யாருப்பா தவறிட்டா?"

"நீதான்யா!"

அண்ணி அழுகையை நிறுத்தினார். விளக்குமாற்றை எடுத்தார். செத்தவரை அந்த அடி அடித்து நான் பார்த்ததில்லை.

"நான் செத்தது ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்தபின் இன்னொன்றும் சொல்வார். "கடல்ல இருக்கிறவன் கதை வேற. கரையில உக்காந்திருக்கா பாரு, அவளுக்குத்தான் சேதி வேணும். இனிமே நம்ம தெருவுல ஒருத்தி அப்பிடி உக்காரக் கூடாது."

போன மழைக்காலத்துக்கு முன்னால் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றார். புயலடித்தால் ஊரே போய் ஒதுங்குகிற புயல் கூடத்துக்கு நல்ல ரேடியோ ஒன்று வேண்டும் என்றார். இளவட்டங்கள் சிரித்தார்கள்.

"எல்லாம் போன்லயே வருதுண்ணே!"

"டவர் சாஞ்சா?"

"ஃபுல் சார்ஜ் போட்டு வச்சுக்குவோம்."

"சார்ஜ் இருக்கும்டா. எதிர்ல பேச எவன் இருப்பான்?"

சிரிப்பு நின்றது. ஊர்த் தலைவரான நாட்டார் யோசித்துவிட்டுச் சொன்னார். "ஊர்க்காசுல வாங்கிக்க. ஆனா நல்லதா பாத்து வாங்கு."

பாத்து வாங்கு என்று அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது.

நான் மீன் விற்கத் தினமும் திருமலைராயன்பட்டினம் போகிறவள். அடுத்த நாள் அண்ணனும் கூடவே வந்தார். அங்கே ஒரு பாய் கடை. மிக்சி, டார்ச், ரேடியோ எல்லாம் இருக்கும்.

"பாய், ஒரு ரேடியோ குடுங்க. வீட்டுக்கும் ஆவணும், புயலுக்கும் ஆவணும். கையில தூக்கிட்டு ஓடணும். தூரம் கேக்கணும்."

பாய் பளபளப்பாக ஒன்றை எடுத்து வைத்தார். தட்டினதும் கலர் கலராக லைட் சுற்றியது.

"இது எவ்வளவு தூரம் கேக்கும்?"

"தெருக்கோடி வரைக்கும் கேக்கும்ண்ணே!"

"அது பேசுறது நமக்குக் கேக்குறது இருக்கட்டும் பாய். வெளியூருல பேசுறது அதுக்குக் கேக்குமா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்தேன்.

"எஃப்.எம். மட்டும் இருந்தா ஆவாது" என்றார் அண்ணன். "அது பக்கத்து ஊரோட நின்னுடும். மீடியம் வேவ் வேணும். திருச்சியில ஒருத்தன் தும்முனா இங்க கேக்கணும்."

பாய் உள்ளே போய் அட்டைப்பெட்டிகளாகக் கொண்டுவந்து அடுக்கினார். அப்போதுதான் அண்ணன் வேலையை ஆரம்பித்தார். ஒரு ரேடியோவை எடுத்தார். முகர்ந்தார். பேட்டரி மூடியைக் கட்டை விரலால் நெம்பித் தூக்கி உள்ளே பார்த்தார். நாங்கள் மீனுக்குச் செவுள் பார்ப்பது அப்படித்தான்.

"ஸ்பிரிங்குல துரு. இது செத்து ரொம்ப நாளாச்சு."

அடுத்தது. வயிற்றை அமுக்கினார். நெளிந்தது. "பூஞ்ச உடம்பு." தள்ளி வைத்தார். அடுத்ததைத் தோள் உயரத்துக்குத் தூக்கினார். விட்டுவிட்டார்.

"யா அல்லாஹ்!" என்றார் பாய்.

ரேடியோ தரையில் விழுந்து மூடி ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம் போனது.

"புயலன்னைக்கு யாரு பாய் இத இடுப்புல தூக்கி வச்சுக்குவா? விழுந்தா எந்திரிக்கணும்."

"எந்திரிக்கலன்னா நீங்கதாண்ணே வாங்கிக்கணும்!"

நல்லவேளை, மூடியைப் போட்டதும் அது பாடியது. ஆனாலும் அண்ணன் அதை எடுக்கவில்லை. "பயந்துடுச்சு. குரல் நடுங்குது" என்றார்.

அடுத்து இருட்டுப் பரீட்சை. கரண்ட் போனபின் தடவியே ஸ்டேஷன் பிடிக்க வேண்டுமாம். துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார். செங்கல் மாதிரி கறுப்பாக ஒன்று இருந்தது. பக்கத்தில் சுற்றுகிற கைப்பிடி, தலையில் சோலார் தகடு, மூக்கில் டார்ச். அதைத் தடவினார். ஒரு பொத்தானை அழுத்தினார். அது ஆபத்துக்கு ஊதுகிற சங்கு. ஊளையிட்டது பாருங்கள்! கடைத்தெருவே இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. பைக்குகள் ஓரம் கட்டின. ஒரு அம்மா என் மீன்கூடைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். ஆம்புலன்ஸ் மட்டும் வரவில்லை.

"நிறுத்துங்கண்ணே! நிறுத்துங்க!" பாய் பெட்டியைப் பிடுங்கினார். அவருக்கும் நிறுத்தத் தெரியவில்லை.

கண்ணைக் கட்டியபடியே அண்ணன் சொன்னார். "குரல் நல்லாருக்கு. இதக் கடக்கரைக்குக் கொண்டுபோய்ப் பாத்துடுவோம்."

"கடைய விட்டு வெளியில குடுக்க மாட்டேன்."

"நீங்களும் வாங்க."

பாய் கடையை இழுத்துப் பூட்டினார். ரேடியோவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஷேர் ஆட்டோவில் பாய், அண்ணன், நான், என் மீன்கூடை. நான் எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள். என்ன ஆகிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கரையில் நின்று அண்ணன் முள்ளைத் திருப்பினார். கரகர. பாய் ஏரியல் கம்பியை இழுத்து நீட்டினார்.

"மீடியம் வேவுக்குக் கம்பி உதவாது பாய். பெட்டியத்தான் திருப்பணும்."

பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அண்ணன் நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றினார். கோயிலில் ஆத்மப் பிரதட்சணம் செய்கிற மாதிரி. கிழக்கே கரகர. தெற்கே கரகர. மேற்கே திரும்பினதும் ஒரு குரல் எட்டிப் பார்த்தது.

"வருது! வருது!" இது பாய். "கொஞ்சம் இந்தப் பக்கம்ண்ணே! அய்யோ போச்சு! திரும்புங்க! திரும்புங்க!"

கணீரென்று திருச்சி வந்தது. பாய் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் குதித்தார். "இத எங்கிட்ட குடுங்க, நான் ஒரு சுத்து சுத்துறேன்!" அவர் சுற்றினார். அண்ணன் அவரைச் சுற்றினார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டு ஓடி வந்தார்கள். அவர்கள் ஆளுக்கு ஒரு சுற்று. எனக்கும் ஒரு சுற்று கிடைத்தது. என் கையில் அது இலங்கையைப் பிடித்தது. யாழ்ப்பாணத் தமிழில் ஒருவர் பேசினார். நான் போய்ப் பார்க்காத ஊர். மயிர்க்கூச்செறிந்தது.

அந்தச் செங்கல்லே முடிவானது.

இதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. எங்கள் ஊரில் வலையோ எஞ்சினோ புதிதாக வந்தால் கடல் காட்டாமல் வேலைக்கு எடுக்க மாட்டோம். அலையோரம் வைத்து, தேங்காய் உடைத்து, மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். ரேடியோவும் ஊர்ச்சொத்துதானே. மாலை போட்டார்கள். சூடம் காட்டினார்கள். பூசாரி ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினார். ஊரே கும்பிட்டது. அண்ணன் கண்ணை மூடிக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

ரேடியோவில் திருச்சிக்காரர் தொண்டையில் தண்ணீர் போனவர் மாதிரி களகளவென்று இரண்டு வார்த்தை பேசினார். அப்புறம் பேசவில்லை.

"விழுந்தா எந்திரிக்கும்னாரு. முழுகினா?" என்றான் ஒரு பையன். நாட்டார் அண்ணனைப் பார்த்த பார்வையில் கருவாடு காய்ந்திருக்கும்.

அண்ணன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். செங்கல்லைப் பிரித்தார். கருவாடு காயும் வலையில், நெத்திலிக்கு நடுவில் பரப்பிவிட்டார். குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே காவல் இருந்தார். அண்ணி சோறு கொண்டுபோய்க் கொடுத்தார். "ரேடியோவுக்கும் ஒரு வாய் ஊட்டுங்க" என்றார். காய்ந்தபின் அண்ணன் எல்லாவற்றையும் பூட்டிக் கைப்பிடியைச் சுற்றினார். பேசியது! ஆனால் நெத்திலி வாசம் உள்ளேயே தங்கிவிட்டது. அதுமுதல் அவர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் பின்னால் பூனைகள் வரும்.

கார்த்திகையில் புயல் வந்தது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். படகுகள் திரும்பின. கடலில் நாள்கணக்கில் தங்கிப் பிடிக்கப் போன மூன்று படகுகள் மட்டும் திரும்பவில்லை. ஒன்றில் என் வீட்டுக்காரர் இருந்தார். ஊரில் அவருக்கு நண்டு என்று பெயர்.

விடிந்ததும் எங்களைப் புயல் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். காற்று கதவை உதைத்தது. கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் போன்களும் போயின. இளவட்டங்கள் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்கள். சாப்பாடு வந்தது. படகுக்காரர்களின் வீட்டுப் பெண்கள் ஒருவரும் தட்டைத் தொடவில்லை. நானும்தான்.

அண்ணன் ரேடியோவைச் சுற்றினார். கான்கிரீட்டுக்குள் கரகரதான். கதவைக் கொஞ்சம் திறந்து, உடம்பில் பாதியை வெளியே நீட்டினார். காற்று அவரைத் தூக்கப் பார்த்தது. அண்ணி ஓடிப்போய் அவர் இடுப்பில் புடவைத் துணியைக் கட்டி, நங்கூரம் மாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"விட்டுறாதடி!"

"ஒரு தடவ செத்தது போதும். சுத்துங்க!"

நான் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் ரேடியோவுக்கும் நடுவே ஒரு பூனைதான். அவர் நனைந்துகொண்டே திரும்பினார். மேற்கே. திருச்சி வந்தது. காரைக்கால் பகுதியைச் சேர்ந்த சில படகுகள் கோடியக்கரையில் பாதுகாப்பாக ஒதுங்கியிருப்பதாகத் தகவல் என்றது. எனக்கும் கேட்டது. அவ்வளவுதான் சொன்னது.

கூடமே எழுந்துவிட்டது.

"எந்தப் படகு? யாரு யாருண்ணே?"

"சத்தம் போடாதீங்க. பேரு வாசிக்கிறான்!"

பெட்டியைக் காதில் அழுத்திக்கொண்டார். கண்ணை மூடினார். ஒவ்வொரு பேராகக் கத்தினார். மொட்டை. வெத்தலப்பெட்டி. சின்னவன். பெரியவன். நண்டு. மூன்று படகிலும் போனவர்களில் ஒருவரைக்கூட விடவில்லை.

மொட்டையின் அம்மா காத்தாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "எம்புள்ள சாப்ட்டானாமா?"

அண்ணன் மறுபடி காது கொடுத்தார். "சாப்ட்டானாம். சாம்பார் நல்லாருக்குன்னு ரெண்டாவது சோறு கேட்டானாம்."

"அவன் கேப்பான்" என்றார் காத்தாயி. அழுதுகொண்டே போய்த் தட்டை எடுத்தார். ஒவ்வொருவராகத் தட்டை எடுத்தார்கள்.

திருச்சிக்காரர் அப்போது நெல்வயலில் தேங்கிய தண்ணீரை எப்படி வடிப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பேரும் வாசிக்கவில்லை. என்னைத் தவிர அது யாருக்கும் கேட்டிருக்காது. அண்ணி குனிந்து புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் என் தட்டை எடுத்துக்கொண்டேன்.

காற்று அடங்கியது. பஸ் விட்டார்கள். மூன்று படகுக்காரர்களும் வந்து இறங்கினார்கள். என் வீட்டுக்காரரிடம் சாம்பார் எப்படி இருந்தது என்று கேட்டேன். "என்னா சாம்பார்? கஞ்சிதான் குடுத்தாங்க" என்றார்.

கடல் தெளிந்து மீன் வரத் தொடங்கிய ஒரு நாள், எதிர்வீட்டு வாசலில் அண்ணன் தனியாக இருந்தார். முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னைக்கு ரேடியோவுல பேரு எதுவும் வாசிக்கல."

"ம்."

"ஒரு படகு வராம போயிருந்தா?"

கை நின்றது. ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

"வராம போயிருந்தா மறுநாள் எல்லாரும் என்னை விளக்குமாத்தால அடிச்சிருப்பீங்க. அன்னைக்கு ஒரு வாய் சாப்ட்டீங்கல்ல?"

நான் கூடையைத் தூக்கிக்கொண்டு பட்டினத்துக்குப் போனேன். அன்று அருமையான வஞ்சிரம் ஒன்று இருந்தது. எத்தனையோ பேர் கேட்டார்கள். கொடுக்கவில்லை. திரும்பி வந்து அண்ணியின் கையில் கொடுத்தேன். நடுத்துண்டை அண்ணனுக்கு வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.