நனைகிறவனுக்கும் ஒரு பாலிசி

நல்லூர்,
திருப்பூர்.

அன்புமிக்க மாப்பிள்ளை அருள்செல்வன் அவர்களுக்கு,

வேல்குமார் எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரி மருதாள், பன்னிரண்டு தையல் மெஷின்கள் எல்லோரும் நலம். மெஷின்கள் மட்டும் இன்னும் கொஞ்சம் ஈரம். அங்கே நீங்களும் தங்கச்சி அன்புசெல்வியும் பிள்ளைகளும் காய்ந்த இடத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

காப்பீட்டு ஆணையத்தில் பெரிய வேலையில் இருக்கும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? ஐப்பசி மழையில் ஓடை உடைத்துக்கொண்டு என் பனியன் யூனிட்டுக்குள் வந்ததையும், ஏற்றுமதிக்குக் கட்டி வைத்திருந்த குழந்தைகள் ஜட்டியெல்லாம் வரிசையாக மிதந்து தெருமுனை பேக்கரி வரைக்கும் ஊர்வலம் போனதையும் தங்கச்சி சொல்லியிருப்பாள். இப்போது பாலிசியைப் புதுப்பிக்க வேண்டும். பாலிசி இல்லாத யூனிட்டுக்கு ஆர்டர் தரமாட்டோம் என்று வெளிநாட்டுக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஆர்டர் நின்றால் இருபது பேருக்கு வேலை போகும்; அதில் நானும் ஒருவன்.

போன செவ்வாய்க்கிழமை காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து விஜயராணி என்ற அதிகாரி பரிசோதனைக்கு வந்தார். கையில் 'பருவநிலை ஆபத்து' என்று ஒரு படிவம். முதல் கேள்வியே, "கார்பன் எவ்வளவு வெளியிடுறீங்க?" என்றார். "பில் புக்குல ரெண்டு கார்பன் தாள்தானுங்க, அதையும் திருப்பித் திருப்பி வெச்சுக்குவோம்" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்து, வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று கேட்டார். சுவரில் இருந்த தண்ணீர்க் கறையை மறைக்க முதல் நாளே பெயிண்ட் அடித்துவைத்திருந்த தைரியத்தில், "லேசா ஈரமுங்க" என்று ஆரம்பித்தேன். அதற்குள் தூத்துக்குடிக்காரி, டெய்லர் ராமுத்தாய், பொய் சொல்லவே தெரியாத பிறவி, "இம்புட்டு வந்துச்சு மேடம்" என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். ஆறடி நாலங்குலம் உயரமுள்ள கட்டிங் மாஸ்டர் மொக்கைச்சாமி என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, "எனக்கு முட்டி வரைக்குந்தாங்க" என்றான்.

அந்த நேரம் பார்த்தா மழை பிடிக்க வேண்டும்? அரைமணி நேரத்தில் ஓடை மறுபடியும் உள்ளே வந்துவிட்டது. நானும் விஜயராணியும் படிவத்தோடு கட்டிங் டேபிளில் ஏறி உட்கார்ந்தோம். அப்போது அவருக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஏதோ ஓர் அனல்மின் நிலையத்துக்குப் பாலிசி; இரண்டே நிமிடத்தில் "சரிங்க சார்" என்று முடித்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க மேடம், கரியை எரிச்சு வானத்தைக் கெடுக்கறவங்களுக்குப் பாலிசி உண்டு, அதுல நனையறவனுக்கு இல்லீங்களா?"

அவர் கால்களை மடக்கிக்கொண்டு, "எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்குதுங்க. ஆனா அதை எழுத இந்தப் படிவத்துல கட்டம் இல்லீங்களே" என்றார். தண்ணீர் வடிந்ததும் 'அபாயம் மிக அதிகம், பாலிசி தர இயலாது' என்று எழுதிவிட்டு, செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே மாப்பிள்ளை, ஒரு விதி போடுங்கள். ஓர் அனல்மின் நிலையத்துக்குப் பாலிசி கொடுக்கிற கம்பெனி, நூறு பனியன் யூனிட்டுக்கும் கொடுத்தே ஆக வேண்டும். மாட்டேன் என்றால் கரிக்கும் கிடையாது. கரிக்காரர்கள் கெஞ்சுவார்கள், மிரட்டுவார்கள், மனிதர்களே அப்படித்தான். நீங்கள் அசையக் கூடாது.

பிள்ளைகள் நன்றாகப் படித்து, மேடான இடத்தில் வீடு கட்டி வாழ என் ஆசி.

இப்படிக்கு,
வேல்குமார்

பி.கு.: கடிதத்தைப் படித்த மருதாள் தலையில் அடித்துக்கொள்கிறாள். "ஏனுங்க, உங்க மாப்பிள்ளை அந்த வேலையை உட்டுப்போட்டு அனல்மின் நிலையத்துல சேந்து ஒரு வருசமாச்சுதுங்க!" என்கிறாள். மேலே எழுதியது வேறு கரிக்காரர்களைப் பற்றி. விதி எதுவும் வேண்டாம். உங்கள் நிலையத்துக்குப் பாலிசி கொடுப்பதும் இதே கம்பெனிதானாம். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். என் பெயரையும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.