பல்சு அண்ணனும் உலக வரலாறும்

பினாங்குத் தீவில் எதையுமே நம்பாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் பல்சு அண்ணன்தான். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதைக்கூட, "இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் லா" என்று ஓர் இழுப்போடுதான் ஒப்புக்கொள்வார். மலாயில் 'பல்சு' என்றால் போலி. அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் அது என்பதால் அவருக்கே பெயராகிவிட்டது. சொந்தப் பெயரை அவர் சொன்னபோது நாங்கள்தான் நம்பவில்லை.

ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் எங்கள் ஆபீஸ். பள்ளிகளுக்கும் கண்காட்சிகளுக்கும் உலக வரலாற்றுப் படங்கள் தயாரித்துக் கொடுப்போம். எகிப்துக் கல்லறை, ரோமானிய நாணயம், போர்த்துகீசியக் கப்பல் எல்லாம் எங்களிடம் உண்டு. படத்துக்குக் கீழே நாலு வரி எழுதுவது நான். படம் அசல்தானா என்று பார்ப்பது அவர்.

ஆரம்பத்தில் அவர் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரோமானியச் சுவரோவியம் என்று நான் தேடிப்பிடித்த படத்தை ஒருநாள் மூக்கு படத்தில் முட்டும்படி குனிந்து பார்த்தார்.

"தம்பி, இந்தச் சிப்பாய்க்கு ரோமாபுரியில எந்த கிளினிக்ல ஊசி போட்டாங்க?"

வீரனின் தோளில் வட்டமாகத் தடுப்பூசித் தழும்பு! யாரோ தன் கூட்டாளியை நிற்கவைத்து அண்மையில் வரைந்த படம். எங்கள் முதலாளி சாந்தி அக்கா அன்றே, "இனிமே அண்ணன் ஓகே சொல்லாம ஒரு படமும் வெளிய போகக்கூடாது" என்று சொல்லிவிட்டார். எங்களுக்குச் சனி பிடித்தது.

பழைய உலக வரைபடம் ஒன்றில் கடல் நடுவே ஒரு பூதம் வாயைப் பிளந்திருந்தது. "இத நேர்ல பாத்தவன் யாரு? கூப்பிடு" என்று வரைபடத்தையே நிறுத்திவைத்தார். கம்ப்யூட்டரே படம் வரையும் காலம் வந்ததும் இன்னும் மோசம். எந்த ராணி படம் வந்தாலும், கம்ப்யூட்டர் ஆறு விரல் போட்டிருக்குமோ என்று முதலில் விரலை எண்ணுவார். கையில்லாத கிரேக்கச் சிலையின் படம் ஒன்று வந்தது. நெடுநேரம் முறைத்துவிட்டுச் சொன்னார்: "விரல எண்ணிருவோம்னு கையையே ஒடச்சிட்டானுங்க. கெட்டிக்காரனுங்க லா!"

கண்காட்சிக்கென்று நிஜ மண்பாண்டமே வந்தால் தட்டுவார், முகர்வார், நக்கியும் பார்ப்பார்.

இப்படிப்பட்டவரிடம்தான், அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி வயதான ஓர் அம்மா வந்தார். துண்டில் சுற்றிய சிறு மண்விளக்கு ஒன்றை மேசைமேல் வைத்தார். கப்பலில் வேலை பார்த்த கணவர் எகிப்தில் வாங்கியது. ரெண்டாயிரம் வருஷப் பழசு என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"மகன் சிரிக்கிறான் தம்பி. அப்பாவ எவனோ ஏமாத்திட்டான், தூக்கிப் போடுங்கம்மாங்கிறான். எனக்குக் கண்ணும் சரியாத் தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

அண்ணன் அதைத் திருப்பியதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அடியில் தயாரித்த நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் பளிச்சென்று அச்சாகியிருந்தது. சுற்றுப்பயணிகள் வாங்கும் கடைச்சரக்கு.

தட்டினார். முகர்ந்தார். நக்கினார். பிறகு சந்தேகத்தை அந்தக் கணவர் மேல் திருப்பினார்.

"ஒங்க வீட்டுக்காரர் பொய் சொல்ற ஆளாம்மா?"

"சிகரெட்ட விட்டுட்டேன்னு சொல்வாரு. அது ஒன்னுதான்."

"வேற?"

"புயல்ல கப்பல் ஆடுனப்பகூட இத வயித்தோட கட்டிப் புடிச்சிக்கிட்டு இருந்தேன்னாரு. எனக்குன்னு அவரு கொண்டாந்த சாமான் இதுதான் தம்பி."

அண்ணனின் கட்டைவிரல் அந்த எழுத்தை மூடிக்கொண்டது.

"அசல்மா" என்றார்.

சாந்தி அக்கா கையிலிருந்த கோப்பி தளும்பியது. அந்தச் சொல்லை அண்ணன் வாயிலிருந்து நாங்கள் கேட்டதே இல்லை.

"அப்ப இத கண்காட்சியில வைக்கிறீங்களா தம்பி?"

"ஐயய்யோ! இங்க ஒருத்தனையும் நம்ப முடியாதும்மா. வீட்லயே வைங்க. மகன் ஏதும் சொன்னா என்கிட்ட பேசச் சொல்லுங்க."

அந்த அம்மா விளக்கைத் திரும்பத் துண்டில் சுற்றினார். வயிற்றோடு அணைத்துக்கொண்டார். அவர் படியிறங்கத் தொடங்கியதும் மெல்லக் கேட்டேன்.

"அண்ணே, அடியில எழுத்து..."

"எந்த எழுத்து?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு ஒன் கண்ணு மேலதான் சந்தேகம். போய் செக் பண்ணு."

சொல்லிவிட்டு, அந்த அம்மாவை ஃபெரிவரை கொண்டுவிடக் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

பின்னாளில் அண்ணன் வயதாகி வேலையை விட்டுப் போய்விட்டார். இப்போது நான் எதை எழுதிக் கொடுத்தாலும் மறுகேள்வி இல்லாமல் நம்பிவிடுகிறார்கள். ஆபீஸ் வெறிச்சென்று இருக்கிறது.