நடுச் சதுரம் எங்கே, மச்சான்?

17ஆம் தேதி, ஞாயிறு
காலை எட்டு மணி

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்காவின் முழங்கால் மட்டும் இந்த நம்பிக்கையில் சேராது. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

முதலில் விஷயம். ஒட்டுப் போர்வைக் குழுவில் என் முறைக்கு வரவேண்டிய ஒன்பது சதுரங்களில் எட்டு வந்து சேர்ந்துவிட்டன. ஒன்பதாவது உங்கள் வீட்டிலிருந்து வரவேண்டும். வரவில்லை. அதை நிறுத்தி வைத்திருப்பது நீங்கள்தான் என்பது என் முடிவு. அவசரத்தில் எடுத்த முடிவல்ல. ஒரு வாரம் உட்கார்ந்து, எல்லோர்மீதும் முறைப்படி சந்தேகப்பட்டு, ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்ததில் கடைசியில் நீங்கள் மிஞ்சினீர்கள்.

எதுவுமே தெரியாதவர்போல நீங்கள் முகத்தை வைத்துக்கொள்வீர்கள் என்பதால் குழுவின் வழக்கத்தை எழுதிவிடுகிறேன். சனிக்கிழமைதோறும் மாலை மூன்று மணிக்குப் பல் டாக்டரம்மாவின் காத்திருப்பு அறையில் கூடுவோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் தலைமை. வாரம் ஒரு புது மாதிரியை அவர் காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் வரைந்து காட்டுவார். ஒரு வாரம் காற்றாடி, ஒரு வாரம் நட்சத்திரம். பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு சீட்டு எடுப்பார்கள். யார் பெயர் வருகிறதோ அவர் நிறம் சொல்லவேண்டும். அந்த நிறத்தில், அந்த மாதிரியில், ஒன்பது பேரும் ஆளுக்கொரு சதுரம் வீட்டில் தைத்து அடுத்த சனிக்கிழமை அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். மூன்று மூன்றாகச் சேர்த்தால் மடிமேல் போட்டுக்கொள்ள ஒரு போர்வை. வெளியூர் போனவர்களும் தப்ப முடியாது, தபாலில் அனுப்பவேண்டும். உங்கள் தங்கை அங்கே வந்தபிறகு ஆறு பேர் முறை வந்துபோனது. ஆறு சதுரமும் தலைமையாசிரியை வீட்டு விலாசத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் வந்து நின்றன. குழுவில் இருக்கும் தையல்காரருக்கு வந்தது. டாக்டரம்மாவுக்கு வந்தது. ஏழாவது ஆளாக நான் வந்ததும் தபால் துறைக்கு என்ன கேடு வந்தது?

நான் எப்படி அந்தக் குழுவில் சேர்ந்தேன் என்று உங்களுக்கு வேறு விதமாகச் சொல்லப்பட்டிருக்கும். உண்மை இதுதான். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை அவள் கடைக்குப் போயிருந்தாள். மேசைமேல் அவள் தைத்து முடித்த நட்சத்திரச் சதுரம் இருந்தது. பக்கத்தில் மாதிரித்தாள், அதில் பன்னிரண்டு அங்குலம் என்று எழுதியிருந்தது. நான் எடை அளவு ஆய்வாளன். எனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்கெல்லாம் பதவி உயர்வு கொடுத்து என்னை மட்டும் அதே நாற்காலியில் உட்காரவைத்த அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகத் துணிக்கடைக் கோல்களை அளந்துகொண்டிருப்பவன். கை சும்மா இருக்குமா? அளந்தேன். நாலு பக்கமும் பன்னிரண்டரை. அரை அங்குலம் கூடுதல். குறைந்தாலும் பிழை, கூடினாலும் பிழை. சட்டத்துக்கு முன் இரண்டும் ஒன்றுதான். பத்துப் பேர் முன்னால் அவள் தலைகுனியக் கூடாதே என்ற ஒரே நல்லெண்ணத்தில், அவளுடைய பெட்டியிலிருந்து தையல் பிரிக்கும் முள்ளை எடுத்து, ஓரத்தை மட்டும் திருத்தலாம் என்று ஆரம்பித்தேன். ஓரத்தைத் தொட்டால் உள்ளே இழுத்தது. உள்ளே தொட்டால் நடுவே பிரிந்தது. அந்த முள் பிரிப்பதற்கு மட்டுமே செய்யப்பட்டது, சேர்ப்பதற்கு அதில் எந்த வசதியும் இல்லை என்பது முப்பதாவது துண்டு கையோடு வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அவள் திரும்பி வந்தபோது எல்லா முக்கோணங்களும் அளவுவாரியாக மூன்று தட்டுகளில் இருந்தன. வேறு எந்தக் கணவன் இப்படி ஒழுங்காகப் பிரித்து வைத்திருப்பான் என்று நீங்களே சொல்லுங்கள். அவள் தட்டுகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள்.

"அண்ணிக்கு முழங்கால் சரியில்ல. போய்ட்டு வரேன்."

"எப்ப சரியில்லாமப் போச்சு?"

"இப்பதான்."

ஆக, அக்காவின் முழங்கால் எங்கள் வீட்டு அலமாரிக் கதவு திறந்த நேரத்தில்தான் கெட்டிருக்கிறது. மருத்துவ வரலாற்றில் இப்படி ஒரு முழங்காலை நான் கேள்விப்பட்டதில்லை.

அவளைத் தூண்டிவிட்டது குழுதான் என்று எண்ணி, அடுத்த சனிக்கிழமை விசாரிக்கப் போனேன். குறிப்பேடு, பேனா, சட்டைப்பையில் இரும்பு அளவுகோல். வாசலிலேயே தலைமையாசிரியை, "உட்காருங்க. இங்க யாரும் நின்னுக்கிட்டுப் பேசறதில்ல" என்றார். உட்கார்ந்தேன். "உட்கார்ந்தவங்க கையில ஊசி இருக்கணும்" என்று ஒன்றைக் கொடுத்தார். அமைச்சர் முன்னாலேயே நின்று கேள்வி கேட்டவன் நான். இந்த அம்மாள் முன்னால் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். நாலு தரம் விரலில் குத்தியது. டாக்டரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சார், பல்லு புடுங்கற மாதிரி இழுக்காதீங்க. அந்த வேலையை நான் பாத்துக்கறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று குறித்துவைத்திருக்கிறேன்.

என் முதல் சதுரத்தை மாதிரித்தாளின் அளவுப்படி, மயிரிழை பிசகாமல் வெட்டித் தைத்தேன். சேர்த்துப் பார்த்தால் பத்து அங்குலம்கூட வரவில்லை. யாரோ வாங்கிப் பார்க்கிற சாக்கில் கத்தரித்திருக்கிறார்கள் என்று சொன்னேன். தையல்காரர்தான் மெதுவாக, "சார், யாரும் கத்தரிக்கல. நீங்க வெட்டினது சரி. தையலுக்குத் துணி விடணுமே, விட்டீங்களா?" என்று கேட்டார். ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடுமாம். அதனால் முடித்த சதுரம் பன்னிரண்டரை இருக்கவேண்டுமாம். பக்கத்துச் சதுரத்தோடு சேர்க்கும்போது அரை அங்குலம் மறைந்து சரியாகப் பன்னிரண்டு ஆகிவிடுமாம். இந்தத் தகவல் மாதிரித்தாளில் இல்லை. எனக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்படவும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை ஒருவனுக்கு மட்டும் சொல்லாமல் மறைத்தால் அதற்குப் பெயர் என்ன, மச்சான்? அன்று வீட்டுக்கு வந்து அந்த மூன்று தட்டுகளின் எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை.

பிறகு ஏன் தொடர்ந்து போகிறாய் என்று கேட்பீர்கள். கண்காணிக்கத்தான். அங்கே நடப்பது எதுவும் நேர்மையாக இல்லை. நான் உள்ளே நுழைந்ததும் ஏழு தையல் பிரிக்கும் முட்களும் ஏழு பெட்டிகளுக்குள் போய்விடுகின்றன. இதை ஐந்து சனிக்கிழமை தொடர்ந்து பார்த்தேன். போன மாதம் என் தையல் ஒன்றைப் பிரிக்கவேண்டி வந்தபோது முள்ளைக் கேட்டேன். தலைமையாசிரியை தானே எழுந்துவந்து பிரித்துக் கொடுத்துவிட்டு முள்ளை இடுப்பில் செருகிக்கொண்டார். எனக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்திருக்கிறார்கள். கழிவறையிலிருந்து வரும்போது காதில் விழுந்தது: "இஞ்ச் டேப்பு டீ குடிச்சிட்டாரா?" கேட்டது யாரென்று தெரியவில்லை, ஆனால் டீ எனக்குத்தான் வந்தது. அந்தத் தையல்காரர் இன்னும் மர்மம். நாளெல்லாம் தைக்கிற ஒருவர் சனிக்கிழமை எதற்கு இங்கே வந்து சும்மா தைக்கவேண்டும்? நேரடியாகவே கேட்டேன். "கடையில எல்லாம் அடுத்தவங்க இடுப்புதான் சார். முப்பது வருஷமா இடுப்பு இடுப்பா பாத்து அலுத்துப்போச்சு. துணிக்கு இடுப்பு கிடையாது பாருங்க" என்றார். பதில் பொருத்தமாகத்தான் இருந்தது. அதனாலேயே சந்தேகம் கூடியது.

ஏழாவதாக என் சீட்டு விழுந்தது. நிறம் கேட்டார்கள். சாம்பலும் நீலமும் என்றேன். தலைமையாசிரியை, "வீட்டம்மாவுக்கும் தகவல் சொல்லிடறேன். அவங்க சதுரத்தை நடுவுல வச்சுக்குங்க" என்றார். போன சனிக்கிழமை எட்டு வந்தன. சாப்பாட்டு மேசையில் அடுக்கிப் பார்த்தேன். சுற்றிலும் எட்டு, நடுவில் மேசை தெரிகிறது. ஒரு வாரமாக அந்த ஓட்டையைச் சுற்றித் தட்டு வைத்துச் சாப்பிடுகிறேன். வேறு துணியை வைத்து அடைத்துவிடுங்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். அவருடன் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது உங்கள்மீதான ஆதாரங்கள். போன வாரம் ஒரு நாள் நான்கு முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். நான்கு முறையும் நீங்கள்தான் எடுத்தீர்கள். நான்கு முறையும் "அவ குளிக்கிறா மாப்ள" என்றீர்கள். ஒரே நாளில் ஒரு மனுஷி நான்கு தடவை குளிப்பதற்கு அவள் என்ன வாத்தா? அடுத்து, எங்கள் திருமணத்தன்று நீங்கள் போட்ட கைக்கடிகாரம். முதல் நாளிலிருந்தே ஏழு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. எதையும் தாமதப்படுத்துவது உங்கள் சுபாவம் என்பதற்கு இருபத்திரண்டு வருடச் சாட்சி என் மணிக்கட்டிலேயே இருக்கிறது. அன்றைக்கே விருந்தில் எல்லோர் காதிலும் விழும்படி, "மாப்பிள்ளை சிரிக்கவே மாட்டாரா?" என்று கேட்டீர்கள். மறந்திருப்பேன் என்று நினைத்தீர்களா?

என் கணக்குப்படி அவள் சதுரத்தைத் தைத்துவிட்டாள். தபாலில் போடச்சொல்லி உங்களிடம் கொடுத்துவிட்டாள். நீங்கள் அதை எங்கோ செருகி வைத்துக்கொண்டு, "பாத்தியா, உன் புருஷன் ஒரு வார்த்தை பதில் போடல" என்று அவள் காதில் ஓதிக்கொண்டிருக்கிறீர்கள். இது உண்மையானால் உடனே நிறுத்துங்கள். எங்கள் இருவருக்கும் இடையே வேறு ஏதாவது காகிதம் தயார் செய்யும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: எந்த வக்கீல் எழுதினாலும், எத்தனை முத்திரை குத்தினாலும், நான் படிக்கமாட்டேன், கையெழுத்தும் போடமாட்டேன். அவள் திரும்பி வரவேண்டும் என்று நான் இங்கே எங்கும் எழுதவில்லை என்பதைக் கவனிக்கவும். கேட்பது ஒரு சதுரம். அவ்வளவுதான். அவளாக வந்தால் வாசல் பூட்டியிருக்காது, அது வேறு விஷயம். சமையலறையில் அவள் வைத்த இடத்தில் வைத்தது வைத்தபடி எல்லாம் இருக்கு, நான் ஒண்ணையும் அளக்கலை, ஒண்ணையும் நகர்த்தலை, இதையும் யாராவது அவளிடம் சொன்னால் நல்லது.

அக்காவுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு என் ஆறுதல், அது உண்மையாக இருக்கும் பட்சத்தில். வீட்டில் எல்லோரும் நோய்நொடியின்றி நீடூழி வாழ வாழ்த்துகிறேன். உங்களுக்கும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
மரியாதை குறையாத,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டேன். ஒன்பது நாளுக்கு முன், வெள்ளிக்கிழமை, உங்கள் கையெழுத்தில் தடிமனான பதிவுத் தபால் ஒன்று எனக்கு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பதிவுத் தபால், நீங்கள் அனுப்பியது, அவள் போய் இரண்டு மாதம். வக்கீல் நோட்டீஸ் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரிக்கவில்லை. மெத்தைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே ஒன்பது இரவு படுத்தேன். தூங்கினேன் என்று எழுதவில்லை. இப்போது இந்தக் கடிதத்துக்கு உங்கள் புது விலாசத்தைப் பார்த்து எழுதுவதற்காக அதை வெளியே எடுத்தேன். அழுத்தினால் மெத்தென்று அமுங்கியது. எந்த வக்கீலும் இவ்வளவு மெத்தென்று எழுதமாட்டான்.

உள்ளே சதுரம். நீலமும் சாம்பலும். கூடவே ஒரு துண்டுக் காகிதம். அவள் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "போன்ல பேசினா உங்க குரல் முன்னாடி வரும், சண்டை பின்னாடியே வரும். அதான் எழுதறேன். நீங்க வாரம் தவறாம வந்து உட்கார்ந்து தைக்கிறீங்கன்னு டீச்சரம்மா சொன்னாங்க. நம்ப முடியல, நேர்ல பார்க்கணும். பதினேழாம் தேதி ஞாயிறு காலைல பத்தே கால் வண்டில வரேன். ஸ்டேஷனுக்கு வாங்க. நீங்க இல்லேன்னா அடுத்த வண்டில அண்ணன் வீட்டுக்கே திரும்பிடுவேன். அப்புறம் வரமாட்டேன்."

இன்று பதினேழு. மணி ஒன்பது ஐம்பது. ஸ்டேஷன் நடந்தால் இருபத்தைந்து நிமிடம், ஓடினால் எவ்வளவு என்று அளந்ததில்லை. சதுரத்தை அளந்தீர்களா என்று கேட்பீர்கள். அளந்தேன். பன்னிரண்டரை, நாலு பக்கமும். அதில்தான் ஆறு நிமிடம் போய்விட்டது.

மேலே எழுதிய அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். கிழித்துவிட்டுப் புதிதாக எழுத நேரமில்லை. வண்டியைவிட்டு இறங்கியதும் "அண்ணனுக்கு ஒரு வரி எழுதினீங்களா?" என்றுதான் அவள் முதலில் கேட்பாள், அதனால் இதை ஸ்டேஷன் வாசல் பெட்டியில் போட்டுவிடுகிறேன். முதல் பக்கத்திலிருந்து கடைசி வணக்கம் வரை படிக்கவேண்டாம்.

அந்தப் பத்தே கால் வண்டி எனக்குத் தெரிந்து ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. இன்றைக்கென்று பார்த்து நேரத்துக்கு வந்து நிற்கும் என்று சந்தேகப்படுகிறேன்.