அறுவடை முடியட்டும்

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் சுகம். அங்கும் சுகமே நிலவட்டும். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது என் பழக்கம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். குரல் தழுதழுத்த இடங்களில் கையெழுத்தும் கோணியிருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

முட்டி தேய்ந்துவிட்டது என்று சொல்லி என் நிலத்தைக் குத்தகைக்கு விட வைத்தவர் தாங்கள். வருகிற வெள்ளிக்கிழமை அதை இன்னும் மூன்று வருடம் நீட்டித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் போடப்போவதில்லை. நேற்று என் நிலத்துத் தக்காளியை நானே காசு கொடுத்து வாங்கினேன். குத்தகைக்காரர் தராசில் ஒன்றைக் கூடுதலாகப் போட்டு, "பெரியவர் வெச்சுக்கட்டும்" என்று பரிதாபப்பட்டார். வரப்பில் வெறுங்காலோடு நடந்த எனக்கு மருத்துவர் நடைப்பயிற்சி எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்கென்று விலை உயர்ந்த காலணி வாங்கி, அதே நிலத்தை வேலிக்கு வெளியே சுற்றி வருகிறேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். நாற்பது வருடமாக வீட்டில் எந்தச் செலவு வந்தாலும் "அறுவடை முடியட்டும்" என்பேன், பேச்சு அதோடு முடிந்துவிடும். அறுவடை முடிந்தால் விதை, உரம், மோட்டார் என்று பணம் வந்த வழியே போய்விடும், அப்புறம் அடுத்த அறுவடை இருக்கவே இருக்கிறது. இப்போது மாதம் பிறந்தால் குத்தகைப் பணம் வாசலில் வந்து நிற்கிறது. என்னிடம் அறுவடையும் இல்லை, பதிலும் இல்லை. உங்கள் தங்கை மெத்தை மாற்றினாள், பல் கட்டிக்கொண்டாள், போன வாரம் காதுக்குக் கருவி வாங்கினாள். மாட்டிய அன்றே, "நம்ம வாசக்கதவு இப்படியா கத்தும்?" என்று போய் எண்ணெய் விட்டாள். முன்பெல்லாம் முணுமுணுத்தாவது மனச்சுமையை இறக்கி வைப்பேன், இப்போது முணுமுணுத்தால் அடுக்களையிலிருந்து பதில் வருது மச்சான், ஒரு மனுஷன் எப்படி வாழ்றது, வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து அவகிட்ட நாலு வார்த்தை சொல்லுங்க. நல்லவேளையாக இப்போது அவள் கொல்லையில் துணி காயப்போடுகிறாள்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: கொல்லை வரைக்கும் எட்டும் கருவியாம் அது. கையில் ஈரத்துணியோடு வந்து நின்றாள். சண்டை போடவில்லை. "எல்லாம் சரியாத்தான் எழுதறீங்க. ஆனா காதுச் செலவு போன வாரத்துது இல்ல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு நான் சொல்லி பதினோரு அறுவடை ஆச்சு" என்றாள். எண்ணிப் பார்த்தேன், பதினொன்றுதான். இத்தனை வருடமாக இவள் எதிர்த்துப் பேசாதவள் என்று ஊரெல்லாம் பெருமை அடித்திருக்கிறேன். நான் பேசியதே அவளுக்கு எட்டவில்லை, மச்சான். வெட்கமாக இருக்கிறது.

தாங்கள் வர வேண்டாம். வெள்ளிக்கிழமைவரை காத்திராமல் இன்றே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். திரும்பி வந்தபோது கதவு சத்தமில்லாமல் திறந்தது. நடையில் நின்று, எனக்கே கேட்காத குரலில், "மன்னிச்சுடு" என்றேன்.

"கேட்டுச்சு" என்றாள், அடுக்களையிலிருந்து.