மாரண்டஹள்ளி வெந்நீர்த் துவாரப் பாதுகாப்புத் திட்டம்

மாரண்டஹள்ளியிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும், கடல் வருவதற்குள் இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்துவிடும். ஆகவேதான் ஆழ்கடல் உயிரின ஊக்குவிப்பு அலுவலகத்தை அங்கே நிறுவியிருந்தார்கள். கடலோரத்தில் ஏற்கெனவே கடல் இருக்கிறதே, அங்கே ஊக்குவிக்க என்ன இருக்கிறது?

அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ராஜமேரியின் வீடு. வாசலை ஒட்டிச் சாக்கடை. சென்னப்பனின் பட்டு நூற்புக் கொட்டகையில் கூடு அவித்த வெந்நீர், வெந்த புழுக்களோடு ஆவி பறக்க அதில் ஓடும். நாற்றம் என்றால் குடலைப் பிடுங்குகிற நாற்றம். மகள் லூர்து மேரியைப் பெண் பார்க்கப் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வந்த அருள்சாமி குடும்பம், மூக்கைப் பொத்திக்கொண்டு காபியை எப்படிக் குடிப்பது என்று தெரியாமல் எழுந்து போய்விட்டது. பையன் தங்கமான பையன். மகளுக்கும் பிடித்திருந்தது. ராஜமேரி சாக்கடையை மூடித் தரும்படி மூன்று வருடத்தில் பதினோரு மனு கொடுத்துவிட்டாள். எல்லாம் ஆழ்கடல் அலுவலகத்துக்குத்தான். தெருவில் இருந்த அரசாங்கம் அது ஒன்றுதானே!

1986இல் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'தங்கள் எல்லைக்குட்பட்ட வெந்நீர்த் துவாரங்களின் எண்ணிக்கையையும், அங்கு வாழும் நண்டுகளின் உணவு முறையையும் ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும்.' கடலோரத்துக்குப் போகவேண்டிய கடிதம். ஆனால் நகல் எல்லோருக்கும் அனுப்புவது வழக்கம். மேலிடத்துக்கு 'இல்லை' என்று பதில் எழுதாதது அதைவிடப் பழைய வழக்கம். நண்டு இல்லையென்றால் அலுவலகம் எதற்கு என்று அடுத்த கடிதம் வரும். அலுவலர் குப்புராஜ் மூன்று நாள் தூங்கவில்லை, அலுவலக நேரத்தில்கூட.

நான்காம் நாள் ராஜமேரி பன்னிரண்டாவது மனுவோடு வந்தாள்.

"சார், கொதிக்கக் கொதிக்க ஓடுதுங்க. வெயிலே படாத சந்துங்க. அழுவுன முட்ட நாத்தம். புழுவா மொதக்குது. அதத் திங்க வயல் நண்டு வேற வந்து குமியுதுங்க!"

குப்புராஜ் எழுந்து நின்றார். மனு கொடுக்க வந்தவருக்காக அவர் எழுந்தது அதுவே முதல் தடவை.

"உக்காருங்கம்மா. இன்னொரு தரம் சொல்லுங்க."

பிறகு சுற்றறிக்கையின் இணைப்பை அவளுக்குப் படித்துக் காட்டினார். கடலுக்கடியில் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் பூமி பிளந்து வெந்நீரைக் கக்குகிறது. வெயில் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயுவை வைத்துக் கிருமிகள் பிழைக்கின்றன. கிருமிகளை வைத்துப் புழுக்களும் சிப்பிகளும் பிழைக்கின்றன. அதுகளைத் தின்று வெள்ளை நண்டு பிழைக்கிறது.

"அந்தக் கொதியில நண்டு வெந்துராதுங்களா?"

"நடுவுல போவாதும்மா. சூடு தணிஞ்ச ஓரமாத்தான் நிக்கும்."

"எங்க நண்டும் ஓரமாத்தான் நிக்குதுங்க. ஆனா கருப்புங்க."

"வயல் வெயில்ல கருத்திருக்கும். போவப்போவ வெளுத்துரும்."

மூன்று வருடம் மனுவுக்கு வராத பதில், நண்டுக்கு எட்டே நாளில் வந்தது. சாக்கடையைச் சாக்கடை என்று அழைப்பது தடை செய்யப்பட்டது. இனி அது 'துவாரம்'. மிச்சம் மீதி வெயிலும் படாமலிருக்கத் தகரக் கூரை போட்டார்கள். ஆய்வுக்கு வந்தவர், "எல்லாம் சரி, ஆழ்கடல் அழுத்தம் எங்கே?" என்று மடக்கினார். குப்புராஜ் சளைக்கவில்லை. அலுவலகத்தில் தேங்கிக் கிடந்த மனுக்களையெல்லாம் மூட்டை கட்டி, பலகை போட்டுத் துவாரத்தின் மேல் அடுக்கினார். அழுத்தம் போதுமானது என்று பொறியாளர் சான்றளித்தார்.

முதல் மூட்டை விழுந்ததுமே நண்டுகள் வயலுக்கு ஓடிவிட்டன. திட்டம் அதனால் பாதிக்கப்படவில்லை. காவலர் இருவர் வந்தனர். பார்க்க ஜனம் வந்தது. ஜனத்தை நம்பி இரண்டு டீக்கடை, டீக்கடையை நம்பி ஒரு போண்டாக்கடை, போண்டாவை நம்பி ஒரு வைத்தியர் என்று சந்து களைகட்டியது.

ராஜமேரி மட்டும் அழுதாள். "எம்மவ கல்யாணம் நின்னு போச்சுங்க சார். மூடிக் குடுத்துருங்க."

"மூடுறதா? உங்க மவளுக்கு நண்டுக் கண்காணிப்பாளர் உத்தியோகம் போட்டுத் தர்றேன்."

"நண்டே இல்லீங்களே?"

"அதனாலதாம்மா கண்காணிக்க ஆள் வேணும்."

லூர்து மேரி நாற்காலியில் உட்கார்ந்தாள். மாதம் ஒன்று போனது. கொட்டகையை ஓசூருக்கு மாற்றப்போவதாகச் சென்னப்பன் சொன்னதும் தெருவுக்கே மூச்சு நின்றது. வெந்நீர் நின்றால் நாற்றம் நிற்கும், நாற்றம் நின்றால் எல்லாம் நிற்கும். பாலக்கோடு பஸ்ஸை மறித்து ஊரே உட்கார்ந்தது. 'நாற்றத்தை நிறுத்தாதே!' என்ற மனுவில் முதல் கையெழுத்து ராஜமேரியுடையது. கையெழுத்துப் போடும்போது அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. போட்டு முடித்ததும் சரியாகிவிட்டது. சென்னப்பன் பயந்துபோய் ஊரிலேயே தங்கிவிட்டார்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு அருள்சாமி குடும்பம் மறுபடி வந்தது. அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிற பெண்ணாயிற்றே! அருள்சாமி வீட்டுக்குள் நுழையவில்லை. நேரே துவாரத்தருகே போய் இரண்டு தரம் மூச்சை இழுத்தார். முகம் வாடிப்போனது.

"ஏனுங்க சம்மந்தியம்மா, போன தடவைக்கு இப்ப நாத்தம் கொறஞ்ச மாதிரி இருக்குதே? புள்ள வேலைக்கு ஒண்ணும் ஆபத்தில்லீங்களே?"

ராஜமேரி உள்ளே ஓடினாள். சந்தையில் விலைபோகாமல் திரும்பி வந்து அழுகிக் கிடந்த தக்காளியைக் கூடையோடு தூக்கி வந்து தன் வாசலில் தானே கொட்டினாள்.

"இப்பப் பாருங்க சம்மந்தி."

அருள்சாமி கண்ணை மூடி நெஞ்சு நிறைய இழுத்துப் பார்த்துவிட்டு, நல்லதாக ஒரு தேதி பார்த்துப் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிடலாம் என்றார்.