பிரஸ் அண்ணை பிரஸ் பிடிக்கப் போன கதை

ரொறன்ரோவில் பிரஸ் அண்ணையின் முழங்கையால் இடி வாங்காத தமிழர் ஒருவரும் இல்லை. வாங்கவில்லை என்று யாராவது சொன்னால் அவர் நேற்றுத்தான் வந்து இறங்கியிருக்க வேண்டும். மேடையில் யாருக்காவது மாலை விழும்போது, மாலைக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு கமரா நிற்கும். அதன் பின்னால் அண்ணை நிற்பார். வீதி வேலைக்காரர் போடுகிற மஞ்சள் வெஸ்ற் ஒன்றின் முதுகில், ஆங்கிலத்தில் 'பிரஸ்' என்று தானே எழுத்து வெட்டி ஒட்டியிருந்தார். அதனால் அவர் பிரஸ் அண்ணை. சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்குத் தெரிந்திருக்கலாம்.

நான் அப்போது ஓர் இலவச வாரப் பத்திரிகையில் பக்கம் வடிவமைத்துக்கொண்டு, மூலையில் ஒரு பத்தியும் எழுதிக்கொண்டிருந்தேன். மரக்கறிக் கடை வாசலில் அடுக்கி வைப்பார்களே, அந்த வகைப் பத்திரிகை. அண்ணை பத்து வருடமாக அதற்குப் படம் எடுத்தார். ஒரு படத்தின் கீழும் அவர் பெயர் வந்ததில்லை. அட்டைப்படம் எடுத்தவருக்கு மட்டும்தான் பெயர் என்பது ஆசிரியர் போட்ட சட்டம். அட்டைக்கோ நாங்கள் இணையத்திலிருந்து நடிகைகளை இறக்குவோம்.

ஆண்டு மலர் போடுகிற காலம் வந்தது. "இந்த முறை அட்டையிலை பழங்காலத்துப் பிரஸ் ஒண்டு வேணும். சக்கரம், கைப்பிடி எல்லாம் தெரியோணும்" என்றார் ஆசிரியர்.

அண்ணை கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "நான் எடுக்கிறன். ஆனா என்ரை பேர் வரோணும்."

"படம் வரட்டும், பாப்பம்."

ரொறன்ரோவுக்கு வெளியே, ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே ஒரு பண்ணையில் நூறு வருடத்துப் பிரஸ் கிடக்கிறது என்று யாரோ சொல்ல, என் முன்னாலேயே ஃபோன் போட்டார். "ஹலோ, ஐ ஆம் பிரஸ்" என்றார். அந்தப் பக்கம் பண்ணைக்கார அம்மா, "ஓ, த பிரஸ்! இட் இஸ் இன் த ஷெட்" என்றார். இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

சனிக்கிழமை போனோம். லைற் பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மறுநாள் பக்கங்கள் அச்சுக்குப் போக வேண்டும். கொட்டகைக் கதவைத் திறந்ததும் ஆட்டு வாடை முகத்தில் அறைந்தது. நடுவில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு மரப்பெட்டி. அதன் தலையில் பல்லுச் சக்கரம், பக்கத்தில் நீளமான இரும்புக் கைப்பிடி. சுவரில் எழுத்து வெட்டிய தகரத் தகடுகள் தொங்கின.

"பாத்தியே பிள்ளை, எழுத்து!" என்று துள்ளினார் அண்ணை.

பண்ணைக்கார அம்மா பொறுமையாக விளக்கினார். கொட்டகையில் செம்மறிகளுக்கு மயிர் கத்தரிப்பார்களாம். அதை இந்தப் பெட்டியில் போட்டு அமுக்கிப் பொதியாகக் கட்டுவார்களாம். தகடுகள், பொதியின் மேல் பண்ணையின் பெயரை மை தடவிக் குறிப்பதற்காம்.

"அண்ணை, உது பேப்பர் அடிக்கிற பிரஸ் இல்லை. ஆட்டு மயிர் அமத்துற பிரஸ்."

அண்ணை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"உதுக்குப் பேர் என்ன?"

"பிரஸ்தான். ஆனா..."

"பழசோ?"

"ஓம், பழசுதான்."

"சக்கரம், கைப்பிடி இருக்கோ?"

"இருக்கு."

"பிறகென்ன கதை? லைற்றைப் பிடி."

மூன்று மணித்தியாலம் எடுத்தார். ஆட்டுப் புழுக்கையில் மல்லாந்து கிடந்து எடுத்தார். ஏணியில் தொங்கி எடுத்தார். கல்யாண வீட்டுப் பழக்கத்தில் மெஷினையே பார்த்து, "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு... சரி, நீ நில், நான் வாறன்" என்றார். பிறகு, மெஷின் வேலை செய்வதுபோல் இருந்தால் நல்லது என்று தோன்றிவிட்டது. ஆட்டு மயிர் கைவசம் இல்லை. என் குளிர் ஜக்கெற் இருந்தது.

"ஐயோ அண்ணை, அது புதுசு!"

"புதுசெண்டாத்தானே உப்பி நிக்கும்."

பண்ணைக்கார அம்மா உற்சாகமாகக் கைப்பிடியை இழுத்தார். ஜக்கெற் அப்பளமாக வெளியே வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணை, எடுத்த படத்தைப் பார் என்று கமராத் திரையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பலகை இடுக்கால் வந்த வெயில் சக்கரத்தின் ஒவ்வொரு பல்லிலும் பட்டிருந்தது. அருமையான படம். பத்து வருடமாக இந்த மனிதரின் படங்களை முத்திரை அளவுக்குச் சுருக்கிப் போட்டது நான்தான் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

வரும் வழியில், "ஆசிரியர் ஏற்பாரோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

ஆசிரியர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதிலை எங்காலை பேப்பர் போறது?"

"உள்ளுக்காலை" என்றார் அண்ணை.

ஆசிரியர் என்னைப் பார்த்தார். "பிரஸ்தான் சேர். நான் நேரை பாத்தனான்" என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. படம் அட்டையேறியது. அண்ணை தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, நான் தட்டி முடிக்கும்வரை திரையை விட்டு அசையவில்லை.

பத்திரிகை வந்த அன்றே மோர்னிங்சைட்டிலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். யாழ்ப்பாணத்தில் இதே மெஷினில்தான் தான் எட்டு வருடம் எழுத்துக் கோத்தவர் என்று சத்தியம் செய்தார். ஆசிரியர் பூரித்துப் போனார்.

சோதனை அண்ணைக்குத்தான் வந்தது. மல்வேர்னில் ஒரு கடைக்காரர் அவரை மறித்து, "அநியாயம் அண்ணை! நீங்கள் எடுத்த படத்துக்குக் கீழை ஆரோ ஒருத்தன் தன்ரை பேரைப் போட்டிட்டான்!" என்றாராம்.

"நான்தானப்பா உவன்!" என்று அண்ணை சாரதி லைசென்ஸை எடுத்து நீட்டியிருக்கிறார். கடைக்காரர் அதை வடிவாகப் பார்த்துவிட்டு, "உதிலையும் பிழையாப் போட்டிருக்கிறாங்கள்" என்றாராம்.

அன்று பின்னேரம் அண்ணை பத்திரிகைக் கந்தோருக்கு வந்து என் மேசைக்கு முன்னால் இருந்தார். "பத்து வருசம் பிள்ளை. பேர் வந்துது, ஆள் வரேல்லை."

நான் அவருடைய கமராவை வாங்கி, அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். மற்றவர்களை அரட்டி நிறுத்துகிறவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அடுத்த இதழில் இடமே இல்லை என்று ஆசிரியர் கையை விரித்தார். நான் என் பத்தியின் பின்பாதியை வெட்டி, அந்த இடத்தில் அண்ணையின் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே அவருடைய சொந்தப் பெயர், 'பிரஸ் அண்ணை' இரண்டையும் போட்டேன். இவ்வளவு காலம் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த பத்தி அதுதான்.