கிரணுக்குக் காய்ச்சல்

"கிரண் யாரு மேடம்?" என்று தலைமையாசிரியர் ராமமூர்த்தி கேட்டபோது குர்ஷித் டீச்சரின் கையில் பாதி கடித்த கொய்யாக்காய் இருந்தது. அதில் மிளகாய்ப்பொடியும் உப்பும் தாராளமாக இருந்தன. கேள்வி காதில் விழுந்த வேகத்தில் காரம் புரையேறியது. பதில் சொல்வதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று.

"எந்த கிரண் சார்?"

"இன்னா மேடம் இப்படிக் கேக்கறீங்க? நம்ம ஆண்டு மலர்ல இங்கிலீஷ் கட்டுரை எழுதின கிரண்! பத்தாவது பி. நீங்கதான செலக்ட் பண்ணிக் குடுத்தீங்க?"

குர்ஷித் டீச்சருக்கு அடுத்த வாய் கொய்யா இறங்கவில்லை. காரணம், கிரண் என்று ஒரு பிள்ளை அந்தப் பள்ளியில் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

பொதுத்தேர்வு விடைத்தாளில் சொந்தப் பெயரை எழுதக்கூடாது. அதனால் கட்டுரைக் கேள்வியிலேயே ஒரு பெயரைக் கொடுத்துவிடுவார்கள். 'நீதான் இன்னார், உன் பள்ளி மலருக்கு ஒரு கட்டுரை எழுது' என்பார்கள். குர்ஷித் டீச்சர் தயாரிக்கும் கேள்வித்தாள்களில் அந்த இன்னார் எப்போதும் கிரண்தான். ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். எந்த வீட்டுக்காரரும் சண்டைக்கு வர மாட்டார். டீச்சர் வகுப்பில் பாடமே இப்படித்தான் ஆரம்பமாகும்:

"மேல தலைப்பு. அதுக்குக் கீழ பேரு, கிரண். அப்புறம் பிரச்சினை, அப்புறம் காரணம், அப்புறம் வழி. கடைசில படிக்கறவங்க எழுந்து ஓடிப் போய் ஏதாவது செய்யற மாதிரி ஒரு வரி. சொந்தப் பேரை எழுதுனா முட்டை!"

முட்டைக்குப் பயந்து பிள்ளைகள் நன்றாகவே பழகியிருந்தார்கள். வருகைப் பதிவில் கிரண் என்று கூப்பிட்டால் வகுப்பு மொத்தமும் "பிரசன்ட் மிஸ்" என்று எழுந்து நின்றிருக்கும்.

அரையாண்டுத் தேர்வில் வந்த ஒரு கட்டுரை டீச்சரை அசைத்துவிட்டது. முகப்புத் தாளைக் கிழித்துக் கட்டுக் கட்டிவிட்டபடியால் எழுதியது யார் என்று தெரியவில்லை. அச்சகக்காரர் அவசரப்படுத்தினார். பிறகு பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று டீச்சர் அப்படியே கொடுத்தார், பிறகு மறந்தே போனார். போதாக்குறைக்கு, 'இம்மலரில் உள்ள ஒவ்வொரு பெயரும் எம் பள்ளியின் பெருமை' என்று முன்னுரையில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார் ராமமூர்த்தி.

"ஷூ கம்பெனிலருந்து மெயில் வந்திருக்கு மேடம். நம்ம மலருக்கு விளம்பரம் குடுத்தாங்களே, அவங்கதான். அவங்க ஜெனரல் மேனேஜர் ஸ்டீபன்னு ஒருத்தர். கிரண் கேட்ட மாதிரியே சாயங்கால கம்பெனி பஸ்ல நம்ம பிள்ளைங்களுக்கு எடம் தர்றாராம்!"

"யா அல்லா! நெஜமாவா சார்?"

"நெஜம்தான். ஆனா முதல் பாஸை கிரண் கையிலதான் குடுப்பாங்களாம். கூப்பிடுங்க அந்தப் புள்ளய."

டீச்சருக்குச் சந்தோஷமும் திகிலும் ஒன்றாக வந்தன. ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பெண் பிள்ளைகளுக்குச் சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் என்றாலே பேஜார். கிளாஸ் முடியும்போது டவுன் பஸ் போயிருக்கும். அடுத்த பஸ் வருவதற்குள் இருட்டிவிடும். ஒவ்வொருத்தியாகக் கிளாசுக்கு வருவதை நிறுத்திக்கொண்டே வந்தார்கள். பஸ் வந்தால் அத்தனை பேரும் திரும்ப வருவார்கள். ஆனால் எழுதியவர் பெயரே பொய் என்று தெரிந்தால், எழுதிய விஷயமும் பொய் என்று கம்பெனிக்காரர்கள் நினைத்துவிட்டால்?

"கிரண் இன்னைக்கு லீவு சார்," என்றார் டீச்சர். "காய்ச்சல்."

அதையே ஸ்டீபனுக்கும் மெயிலில் எழுதினார். எழுதும்போது கை போன போக்கில் கிரணைப் பையனாக்கிவிட்டார்.

மறுநாள் கம்பெனி ஜீப்பில் ஒரு பழக்கூடை வந்து இறங்கியது. 'கிரண் சீக்கிரம் குணமடையட்டும் - ஸ்டீபன்' என்று அட்டை வேறு. கூடை நிறைய கொய்யாக்காய். ஓரத்தில் ஒரு சின்னப் பொட்டலத்தில் மிளகாய்ப்பொடியும் உப்பும்.

"காய்ச்சக்காரப் பையனுக்கு யாராவது கொய்யாக்கா அனுப்புவாங்களா?" என்று ராமமூர்த்தி கூடையைச் சுற்றி வந்தார். "வெளிநாட்டுக்காரங்களோட பழகறவங்க. அங்க இப்படித்தான் போல."

இல்லாத பையன் வீட்டுக்கு இருக்கிற கூடையை எப்படி அனுப்புவது? ஆசிரியர் அறையிலேயே காலி செய்தார்கள். குர்ஷித் டீச்சரும் குற்ற உணர்ச்சியோடுதான் சாப்பிட்டார். ஆனால் எல்லோரையும்விட ஜாஸ்தி சாப்பிட்டார்.

அடுத்த மெயில் வந்தது. கிரணுக்கு உடம்பு தேவலையா, கார் அனுப்பட்டுமா என்று ஸ்டீபன் கேட்டிருந்தார். ஓய்வுக்காக நாட்றம்பள்ளியில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டான் என்று டீச்சர் எழுதினார். அதற்கென்ன, எங்கள் வேன் தினமும் நாட்றம்பள்ளி வழியாகத்தான் போகிறது, பெரியம்மா வீடு எந்தத் தெரு என்றார் ஸ்டீபன். அதற்குள் அவனே ஊர் திரும்பிவிட்டான், ஆனால் ரொம்பக் கூச்ச சுபாவம், புது மனிதர்களைக் கண்டால் வாய் திறக்க மாட்டான் என்றார் டீச்சர். அப்படியானால் அவன் வர வேண்டாம், வெள்ளிக்கிழமை காலை நாங்களே வகுப்புக்கு வந்து பார்க்கிறோம் என்று முடித்துவிட்டார் ஸ்டீபன்.

இந்தப் பக்கம் ராமமூர்த்தி பள்ளி வாசலுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கச் சொல்லிவிட்டார். 'செல்வன் கிரண் அவர்களைப் பாராட்டி மகிழ்கிறோம்' என்று ஆளுயர எழுத்து. நடுவில் ஒரு வட்டம் காலியாக இருந்தது.

"ஃபோட்டோ குடுங்க மேடம், ஒட்டிடலாம்."

"கூச்ச சுபாவம் சார். ஃபோட்டோகூட எடுத்துக்க மாட்டான்."

இனிமேல் நிஜமாக எழுதிய பிள்ளையைப் பிடித்தால்தான் கரை சேர முடியும் என்று டீச்சர் பத்தாவது பி வகுப்புக்குள் நுழைந்தார்.

"கம்பெனி பஸ்ஸைப் பத்தி எழுதினது யாரு?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. கொய்யாக் கூடை விஷயம் வகுப்பு வரைக்கும் வந்திருந்தது. ஜன்னலோரம் ஒரே ஒரு கை மட்டும் உயரவில்லை.

"ஜோதிதான் மிஸ்," என்று அஃப்ஷா காட்டிக் கொடுத்தாள். "எப்ப பார்த்தாலும் அந்த பஸ்ஸைப் பத்தியே பேசிக்கினு இருப்பா."

ஜோதி எழுந்தாள். ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து வருகிறவள். ஸ்பெஷல் கிளாசில் மிச்சமிருந்த கொஞ்சம் பேரில் ஒருத்தி.

"நான்தான் மிஸ். அடுத்த வாரத்துலருந்து நானும் ஸ்பெஷல் கிளாஸ் வர மாட்டேன். இருட்டுல வர வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "நான் கிரணா இருந்தா பஸ் வரும்னா, நான் கிரணா இருக்கேன் மிஸ்."

 டீச்சருக்கு அந்தக் குழந்தையை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் மூன்று மெயிலிலும் கிரண் பையன். வாசலில் தொங்கப் போகிற ஃப்ளெக்சிலும் செல்வன்.

"நீ பொண்ணாச்சேடி," என்றார் ஆற்றாமையோடு. பிறகு வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். எதற்கும் அஞ்சாமல் வாயாடுகிற பையன் ஒருவன்தான் இருந்தான். "தபரேஸ்! வெள்ளிக்கிழம ஒரு நாளு நீதான் கிரண். ஜோதி எழுதினத மனப்பாடம் பண்ணிடு."

"இப்பவும் நான்தான மிஸ் கிரண்?" என்றான் தபரேஸ்.

ஜோதி உட்கார்ந்துகொண்டாள். டீச்சர் அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தார்.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்தது. மாலையோடு ஓடிய ராமமூர்த்தி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் இளம்பெண் மட்டும் இறங்கினாள்.

"நான் சௌமியா சார். கம்பெனி ஆபீஸ்ல இருக்கேன். ஸ்டீபன் சாரால வர முடியல."

"ஏம்மா?"

"காய்ச்சல்," என்றாள் சௌமியா, கண் இமைக்காமல்.

"ஊரு பூரா காய்ச்சலாத்தான் இருக்கு," என்று ராமமூர்த்தி மாலையைப் பியூனிடம் கொடுத்தார். குர்ஷித் டீச்சருக்கு மட்டும் பாதி உயிர் திரும்பி வந்தது. பெரிய ஆள் வரவில்லை, இந்தச் சின்னப் பெண்ணைச் சமாளித்துவிடலாம். எங்கேயோ பார்த்த முகம் போலிருந்தது. வருஷத்துக்கு இரண்டு சௌமியாக்களுக்குப் பாடம் நடத்துகிறவருக்கு எந்த முகம்தான் ஞாபகம் இருக்கும்?

வகுப்பில் தபரேஸ் எண்ணெய் வைத்து வாரிய தலையோடு முன்னால் வந்து நின்றான். சௌமியா அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"கிரண், நல்லா எழுதியிருந்தீங்க. எந்த வண்டியில, எந்த எடம் காலியா இருக்குதுன்னு சொன்னீங்களே, அதத் திரும்ப ஒரு தரம் சொல்லுங்க."

தபரேஸ் வாயைத் திறந்தான். மனப்பாடம் செய்தது வரவில்லை. போன வருஷம் மனப்பாடம் செய்தது வந்தது.

"இன் டுடேஸ் வேர்ல்ட், ட்ரீஸ் ஆர் வெரி இம்பார்ட்டன்ட்..."

"பஸ்ல மரமா?"

"வழியில நெறைய இருக்குது மேடம்," என்றான் தபரேஸ்.

குர்ஷித் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். பஸ் போயிற்று, மானமும் போயிற்று என்று நினைத்தார். அப்போது ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"கடைசி ரெண்டு வரிசை மேடம்!" ஜோதி எழுந்து நின்றிருந்தாள். "ஓவர்டைம் பாக்கறவங்க அடுத்த வண்டில வர்றதால முதல் வண்டில கடைசி ரெண்டு வரிசை சும்மாதான் வருது. எங்கம்மா அந்த வண்டிலதான் வர்றாங்க. உங்க கம்பெனிலதான் ஷூவுக்கு மேல்தோல் தைக்கறாங்க. நான் ஸ்டாப்புல நிப்பேன், அவங்க ஜன்னல்லருந்து பாப்பாங்க. பாஸ் இல்லாம யாரையும் ஏத்தக்கூடாதுன்னு ரூலு. அவங்க என்னைப் பாத்துக்கினே போய்டுவாங்க மேடம். அதனாலதான் எழுதினேன்."

 ராமமூர்த்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன் பேரு இன்னாம்மா?" என்று கேட்டாள் சௌமியா.

"கிரண்," என்றாள் ஜோதி. பழக்கம்.

ராமமூர்த்தி தபரேஸைப் பார்த்தார். தபரேஸ் விட்டத்தைப் பார்த்தான்.

"அது சரி. சொந்தப் பேரு?"

ஜோதி பயந்துபோய் டீச்சரைப் பார்த்தாள். முட்டை விழுமோ என்கிற பயம் அவள் கண்ணில் தெரிந்தது. அதைப் பார்த்ததும் குர்ஷித் டீச்சருக்கு, தான் இத்தனை நாள் கட்டிய பொய் மொத்தமும் வெட்கமாகிவிட்டது. கம்பெனி என்ன நினைத்தால் என்ன என்று முடிவு செய்தார்.

"சொல்லும்மா," என்றார். "இது பரீட்சை இல்ல."

"ஜோதி."

சௌமியா கைப்பையிலிருந்து பாஸை எடுத்தாள். கீழே கம்பெனி முதலாளி அப்துல் வஹீத்தின் கையெழுத்து இருந்தது. மேலே பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. அதில் ஜோதி என்று நிறுத்தி நிதானமாக எழுதி அவள் கையில் கொடுத்தாள். மற்றப் பிள்ளைகளின் பாஸ்கள் திங்கட்கிழமை வரும் என்றாள். வகுப்பு கைதட்டியதில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது.

"அப்ப அந்த கிரண்?" என்று ராமமூர்த்தி வாசல் ஃப்ளெக்ஸ் இருந்த திசையைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"டி.சி. வாங்கினு போய்ட்டான் சார்," என்றான் தபரேஸ்.

ஜீப் வரைக்கும் குர்ஷித் டீச்சரே சௌமியாவை வழியனுப்ப வந்தார். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"உங்கிட்ட மறைக்கக்கூடாதும்மா. கிரண்னு யாருமே கெடையாது. காய்ச்சல், பெரியம்மா வீடு எல்லாம் நான் வுட்ட கதை. புள்ளைங்க பஸ் போயிடுமோன்னு பயந்துட்டேன். ஸ்டீபன் சார் எவ்ளோ நல்ல மனுஷன்! அவருக்குக் காய்ச்சல்னு வேற சொல்ற. நானே நேர்ல வந்து மன்னிப்புக் கேட்டுக்கறேன். அவரு வூடு எங்கம்மா?"

சௌமியா ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு கைப்பையைத் துழாவி, மிளகாய்ப்பொடியும் உப்பும் கலந்த பொட்டலம் ஒன்றை எடுத்து டீச்சரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஸ்டீபனும் கெடையாது மிஸ், வெளிநாட்டுக்காரங்களுக்கு மெயில் எழுத நான் வெச்சிக்கிட்ட பேரு அது, சொந்தப் பேரை எழுதுனா முட்டைன்னு நீங்கதான சொன்னீங்க, பத்தாவது பூரா உங்க கிளாஸ்ல நானும்தான மிஸ் கிரண்?"